ஸ்மால் மெர்சியைப் பார்க்க வந்தவர்கள்

போன செவ்வாய்க்கிழமை தாம்பரத்தில் மேடவாக்கம் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறினேன். எனக்கு ராஜகீழ்ப்பாக்கத்தில் இறங்க வேண்டும். எதிர் சீட்டில் ஒரு கல்லூரிப் பெண். உலகத்தில் எல்லாரையும் போல அவளும் போனில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்தாள்.

திடீரென்று ஒன்றில் நின்றாள்.

டயப்பர் மட்டும் கட்டிய ஒரு குழந்தை, குளிக்கப் பயந்து ஹால் முழுக்க ஓடுகிறது. பின்னால் அம்மா துண்டோடு துரத்துகிறாள். அந்தக் காட்சிக்கு மேலே ஓர் ஆண் குரல் — மூச்சு வாங்க, தொண்டை கிழிய.

"வர்றா... வர்றா... வெளிப்பக்கமா வர்றா! இவ வருவான்னு யாருமே நினைக்கல... வந்துட்டா!"

ஆட்டோவே சிரித்தது. மடியில் மார்க்கெட் பையை வைத்திருந்த அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். டிரைவர் திரும்பிப் பார்த்து, "இன்னா வாய்ஸ்மா அது! இன்னொரு தபா போடு" என்றார். அவள் இன்னொரு தபா போட்டாள். மறுபடியும் சிரிப்பு.

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏனென்றால் அந்தக் குரல் எனக்குத் தெரியும். எங்கள் சர்ச்சில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருகிற எட்வினுடைய குரல் அது. அவர் அத்தனை உயிரைக் கொடுத்துக் கூப்பிட்டது எந்தக் குழந்தையையும் இல்லை. ஒரு குதிரையை.

அந்தப் பெண்ணிடம் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் ராஜகீழ்ப்பாக்கம் வந்துவிட்டது. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

எட்வின் இரும்புலியூர்க்காரர். வார நாட்களில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்ப்பவர். ரேஸ் நாட்களில் கிண்டி மைதானத்தில் மைக் பிடித்துக் குதிரைப் பந்தய வர்ணனை சொல்பவர். பிடித்தவர், சொன்னவர் என்று எழுத வேண்டும். இப்போது அவர் மைக் பிடிப்பதில்லை.

சர்ச்சில் வேதபாடம் வாசிப்பதும் பல ஞாயிறுகளில் அவர்தான். இன்னாருடைய குமாரன் இன்னார் என்று நீண்டுகொண்டே போகிற வம்ச வரலாறு உண்டல்லவா? மற்றவர்கள் வாசித்தால் கொட்டாவி வரும். எட்வின் வாசித்தால், கடைசியில் எந்தக் குமாரன் முந்தப்போகிறான் என்று சபையே நிமிர்ந்து உட்காரும். தொழில் பழக்கம்!

தாம்பரத்தில் கல்லூரியில் படிக்கும்போது ஹாஸ்டல் கிரிக்கெட்டுக்கு வர்ணனை சொல்லப்போய், அதைக் கேட்ட யாரோ கிண்டிக்குக் கூட்டிப்போய், அங்கே காலைப் பயிற்சியில் குதிரைகள் ஓடுவதைப் பார்த்து மயங்கி... அப்படியே இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. பந்தயம் கட்ட அவருக்கு அனுமதி கிடையாது. ஆசையும் கிடையாது.

"குதிரை ஓடும்போது நாலு காலும் தரையில இல்லாத ஒரு கணம் வரும் அக்கா. அந்தக் கணத்தைப் பிடிச்சுச் சொல்லணும். அதுக்குத்தான் காமென்ட்ரி" என்பார்.

சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். கல்யாண ஆல்பம் காட்டுகிறவர் மாதிரி இருக்கும்.

ஆனால் அவர் வீட்டில் இந்தப் பேச்சே கிடையாது. மனைவி ஜெபா கீழ்க்கட்டளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். "உங்க வீட்டுக்காரர் வேற என்னமோ பார்ட் டைம் பண்றாராமே?" என்று யாராவது கேட்டால், "ஸ்போர்ட்ஸ் காமென்டேட்டர்" என்பாள். "எந்த ஸ்போர்ட்ஸ்?" என்றால், "எல்லாமும்தான்."

அவளைக் குறை சொல்ல முடியாது. நம் பக்கத்தில் ஒருவரைப் பற்றி 'அவர் ரேஸுக்குப் போறவர்' என்று சொல்லிவிட்டால் போதும். அதற்கப்புறம் அவரைப் பற்றி யாரும் எதுவும் விசாரிக்க மாட்டார்கள். பெண் கொடுக்க மாட்டார்கள். வீடு வாடகைக்குத் தர மாட்டார்கள்.

ஜெபாவின் அப்பாவே ரேஸுக்குப் போனவர்தான். சனிக்கிழமை மத்தியானம் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்புவாராம். திரும்பி வரும்போது அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான், அன்றைக்கு வீட்டில் பேசலாமா கூடாதா என்று தெரியுமாம். அப்படி வளர்ந்தவளுக்கு இப்படி மாப்பிள்ளை! பெண் பார்க்கும்போது இன்ஷூரன்ஸ் கம்பெனி மட்டும்தான் பேச்சில் வந்தது. மைக் விஷயம் கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அவள் சண்டை போடவில்லை. "நான் அந்த எடத்துக்கு வர மாட்டேன். பிள்ளைங்களும் வரக்கூடாது" என்று மட்டும் சொன்னாள். இத்தனை வருஷமாக அந்தச் சொல் காப்பாற்றப்பட்டது.

ஸ்மால் மெர்சி வரும்வரை.

சில சீசன்களுக்கு முன்னால் வந்த குதிரை அது. பழுப்பு நிறம். பெண் குதிரை. மற்ற குதிரைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் பெரியவர்களோடு கைபிடித்து வந்த சின்னப் பெண் மாதிரி இருக்கும். ஆரம்பத்தில் யாரும் சட்டை செய்யவில்லை. அதற்கு ஒரு வழக்கம் — கடைசிக்கு முந்தினதாகக்கூட இல்லை, கடைசியாகவே ஓடிக்கொண்டிருக்கும். பார்க்கிறவர்கள் கைகழுவிவிட்ட பிறகு, கடைசி நேர்கோட்டில், கூட்டத்துக்கு வெளிப்பக்கமாக ஒதுங்கித் தனியே ஒரு ஓட்டம் எடுக்கும். அவ்வளவுதான். முன்னால் இருப்பவர்கள் எல்லாம் நின்றுகொண்டிருப்பதுபோலத் தோன்றும்.

அப்படியே வரிசையாக ஜெயித்தது. பெங்களூரிலிருந்து வந்த பெரிய பெரிய குதிரைகளையும் ஜெயித்தது. பேப்பரில் கடைசிப் பக்கத்து மூலையில் ஒரு சின்ன போட்டோ வந்தது.

எட்வின் ஒருநாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, அந்தப் போட்டோவைப் பேத்தி போட்டோ மாதிரி காட்டினார்.

"அக்கா, செஸ்ஸுக்கு ஒரு பையன் வந்தான். இப்போ தெருவுக்குத் தெரு கோச்சிங் கிளாஸ். நம்ம ராஜகீழ்ப்பாக்கத்துலயே எத்தனை போர்டு தொங்குது பாருங்க. ரேஸுக்கு இவ வந்திருக்கா. ஜனம் வராதா?"

"செஸ் பையன் பேட்டி கொடுப்பான் எட்வின். குதிரை கொடுக்குமா?"

"அதுக்குத்தான் அக்கா நான் இருக்கேன்" என்றார்.

அவர் திட்டம் இதுதான். அங்கே வர்ணனை எப்போதும் இங்கிலீஷில்தான். ஸ்மால் மெர்சி அடுத்து ஓடுகிற பந்தயத்தில், இங்கிலீஷோடு தமிழிலும் சொல்வது. ரேஸ் கிளப்பில் கேட்டுப் பார்த்தாராம், தாராளமாகச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எழுதுகிறவள் என்று என்னிடம் வந்தது தமிழுக்காக.

இரண்டு சாயங்காலம் உட்கார்ந்தோம். அப்போதுதான் தெரிந்தது, ரேஸை இங்கிலீஷிலிருந்து அப்படியே இறக்கினால் ஆபத்து என்று. ஒரு கழுத்து வித்தியாசத்தில் ஜெயித்தால் 'கழுத்தளவில்' என்றார். கழுத்தளவு என்றால் எனக்கு வெள்ளம்தான் ஞாபகம் வருகிறது என்றேன். வேளச்சேரி ரோட்டில் மழையில் நடந்தவர்களுக்குப் புரியும். 'மூக்கு நுனியில்' என்றார். அங்கே கோபம்தான் இருக்கும் என்றேன். ஃபர்லாங் மட்டும் தொந்தரவு தரவில்லை. அது எப்போதோ தமிழாகிவிட்டது.

கடைசியில் ஒரு இடத்தில் நின்றோம். 'வருது' என்று எழுதி வைத்திருந்தேன். விலங்கல்லவா? அஃறிணை. இலக்கணம் அப்படித்தான் சொல்லும்.

எட்வின் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். "ஸ்மால் மெர்சி வருது... வருது..."

தலையை ஆட்டினார். "பஸ் வர்ற மாதிரி இருக்கு அக்கா. 'வர்றா'ன்னுதான் சொல்லணும்."

"குதிரைக்கு 'வர்றா'வா?"

"நீங்க அவளைப் பார்த்ததில்ல. அதான் கேக்குறீங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே நிற்கும்போது எட்வின் எல்லாரையும் கூப்பிட்டார். இரும்புலியூரிலிருந்து வேன். போக வர அவர் பொறுப்பு. சும்மா ஒரு குதிரை ஓடுவதைப் பார்த்துவிட்டு வரலாம். குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

கமிட்டியில் இருக்கிற ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார். "ரேஸ் கோர்ஸுக்கா? சபையிலேர்ந்து வேனா?"

"சபையிலேர்ந்து இல்ல சார். என் வீட்டிலேர்ந்து."

"அதென்னமோ எனக்குச் சரியாப் படலை எட்வின்."

எட்வின் சிரித்துச் சமாளித்தார். ஆனால் அதைக் கேட்டு நாலைந்து குடும்பம் பின்வாங்கிவிட்டது எனக்குத் தெரியும்.

ஜெபா வந்தாள். அதுதான் ஆச்சரியம். வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "ஒரே ஒரு தடவைதான் கேட்டார் அக்கா. ரெண்டாவது தடவை கேட்டிருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பேன்."

வேன் டிரைவர் குமார் எங்கள் ஏரியாப் பையன்தான். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஆயிரம் தடவை கிண்டியைத் தாண்டியிருக்கிறான். உள்ளே போனதில்லை. வண்டியை நிறுத்திவிட்டு அவனும் எங்களோடு வந்தான். பச்சைப் புல்வெளி, மரங்கள், பெரிய பெரிய ஸ்டாண்டுகள்... வாயைப் பிளந்து பார்த்தான்.

"இன்னாக்கா இது, இம்மாம் பெரிய எடம் கீது. ஆளுங்க எல்லாம் எங்க?"

ஆட்கள் உள்ளே இருந்தார்கள். ஸ்டாண்டுக்கு அடியில், ஃபேனுக்குக் கீழே, வரிசையாக மாட்டியிருந்த டிவிகளுக்கு முன்னால். எல்லாரும் ஆண்கள். என் வயது, அதற்கும் மேல். டிவியில் வேறு ஊர் ரேஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று முடிந்தால் இன்னொரு ஊர். எல்லா ஊருக்கும் இங்கிருந்தே பந்தயம் கட்டலாம். நாட்டில் எங்காவது ஒரு குதிரை ஓடிக்கொண்டேதான் இருக்கும் போலிருக்கிறது.

ஓட்டத்துக்கு முன்னால் குதிரைகளை நடத்திக் காட்டுகிற வட்டம் ஒன்று உண்டு. குழந்தைகள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஸ்மால் மெர்சி வந்தாள்.

பாருங்கள், நானும் 'வந்தாள்' என்று எழுதுகிறேன். எட்வின் சொன்னது சரிதான்.

தோல் எண்ணெய் தடவினது மாதிரி மின்னியது. அதற்கடியில் நரம்பு ஓடுவது தெரிந்தது. காதுகள் எங்கள் குழந்தைகளின் சத்தத்துக்குத் திரும்பித் திரும்பி ஆடின. கண்ணிமை அவ்வளவு நீளமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஜெபா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜாக்கி கையில் சாட்டையோடு வந்து ஏறினார்.

"பேரு இரக்கம். கையில சாட்டை" என்றாள்.

 

ரேஸ் ஆரம்பித்தது. ஒலிபெருக்கியில் முதலில் இங்கிலீஷ், அதன் மேலேயே தமிழ். எட்வினுக்கு மூச்சு இரண்டு மொழிக்கும் எப்படிப் போதுமோ தெரியவில்லை.

"ஸ்மால் மெர்சி எங்க? தேடாதீங்க, கடைசியில இருக்கா. பயப்படாதீங்க, இவ அப்படித்தான்..."

எங்கள் குழந்தைகள் கத்த ஆரம்பித்தார்கள். குதிரைகள் தூரத்து வளைவில் பொம்மைகள் மாதிரி தெரிந்தன. வளைவு திரும்பியதும் தரை அதிர்வது காலில் தெரிந்தது. நிஜமாகவே தெரியும், டிவியில் அது வராது. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பழுப்பு நிறம் மட்டும் வெளியே ஒதுங்கியது.

"வர்றா... வர்றா... வெளிப்பக்கமா வர்றா!"

அந்தக் குரலை நான் சர்ச்சில் கேட்டதில்லை. வேறெங்கும் கேட்டதில்லை. குமார் விரலை மடக்கி வாயில் வைத்து விசிலடித்தான். ஜெபா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் சதையில் பதிந்துவிட்டது. ஜாக்கி சாட்டையைத் தொடவே இல்லை. அது அவர் கையிடுக்கில் சும்மா இருந்தது. ஸ்மால் மெர்சி தானாகவே, கழுத்தை நீட்டி, ஒவ்வொருவராகத் தாண்டி... வந்துவிட்டாள்!

குதித்தோம். முன்பின் தெரியாதவர்களைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. நான் திரும்பிப் பார்த்தேன்.

பின்னால் பாதிப் பேர் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் ஒருவர், நாங்கள் போட்ட சத்தத்தில் திரும்பி, மிகவும் மரியாதையாகக் கேட்டார். "இன்னாம்மா, எது வந்துச்சு?"

குமாருக்குத் தாங்கவில்லை. "கண்ணு முன்னாடி ஓடிச்சேண்ணா! நீ எங்க பாத்துகினு இருந்த?"

அவர் டிவியைக் காட்டினார். "பூனா."

ஒரே சொல். நியாயமான பதில்தான். அவருடைய குதிரை அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது வேனில் ஒரே கும்மாளம். குழந்தைகள் மாறி மாறி "வர்றா... வர்றா..." எட்வின் குரல் கட்டிப்போய் முன் சீட்டில் உட்கார்ந்து புன்னகைத்துக்கொண்டே வந்தார். ஜெபா அவருக்கு ஃபிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். அதை நான் ஒரு பெரிய காட்சியாகவே பார்த்தேன்.

எங்களோடு வந்த பிளெஸ்ஸி என்ற பெண் அந்தக் கடைசி நேர்கோட்டைப் போனில் எடுத்து இன்ஸ்டாவில் போட்டிருந்தாள். மறுநாள் அது எங்கெங்கோ போய்விட்டது. எட்வினுக்கு வெளியூரிலிருந்தெல்லாம் போன். ஆபீஸில் கேக் வெட்டினார்கள். கண்ணாடியைத் துடைத்த அந்தக் கமிட்டிப் பெரியவரே "நல்லா இருந்திச்சு எட்வின்" என்றாராம்.

"பார்த்தீங்களா அக்கா? அடுத்த ரேஸுக்கு கேட்ல கூட்டம் நிக்கும்."

நானும் நம்பினேன்.

ஆனால் அந்த வீடியோவிலிருந்து குரல் மட்டும் பிய்ந்துகொண்டு தனியாகக் கிளம்பிவிட்டது. ரொம்ப நேரம் காத்திருந்த மாநகரப் பஸ் வரும்போது "வர்றா... வர்றா..." சென்னை மேல் மேகம் திரளும்போது "வெளிப்பக்கமா வர்றா..." பால் பொங்குவதற்கு. மாமியார் ஊரிலிருந்து வருவதற்கு. எல்லாவற்றுக்கும் எட்வின் கத்தினார். எதிலும் குதிரை இல்லை.

எங்கள் வீட்டு வாட்ஸ்ஆப் குரூப்பிலேயே நாலு வந்தது. நான் பெருமையாக, "இது யார் தெரியுமா? இது ஸ்மால் மெர்சிங்கற..." என்று ஆரம்பித்தால் அடுத்த ஜோக் வந்து விழுந்துவிடும்.

ஸ்மால் மெர்சி மறுபடி ஓடுகிற நாள் வந்தது. இந்தத் தடவை வேன் இல்லை. யாருக்கும் தோதுப்படவில்லை. அதான் ஒரு தடவை பார்த்தாயிற்றே! காலையில் எனக்கு போன். ஜெபா.

"அக்கா, வர்றீங்களா? டிரெயின்லயே போயிடலாம்."

"எட்வின் கேட்டாரா?"

"அவர் கேக்கல. எனக்குத்தான் அவளைப் பார்க்கணும்போல இருக்கு."

தாம்பரம் ஸ்டேஷனில் காத்திருந்தாள். கையில் டிபன் பாக்ஸ். திறந்து காட்டினாள். நீள நீளமாக நறுக்கிய கேரட்.

மைதான கேட்டில் கூட்டம் ஒன்றும் நிற்கவில்லை. உள்ளே அதே டிவி, அதே முதுகுகள். புதிதாக இரண்டு இளைஞர்கள் மட்டும் கேமராவோடு எட்வினைச் சூழ்ந்திருந்தார்கள். எட்வின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. கிட்டப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. மேடவாக்கம் பக்கம் பிரியாணிக் கடை திறக்கிறார்களாம். "சார், அதே மாடுலேஷன்ல 'பிரியாணி வர்றா' மட்டும் சொல்லுங்க சார்."

எட்வின் சொன்னார். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். சொல்லிவிட்டு, "இருந்து ஒரு ரேஸ் பார்த்துட்டுப் போங்களேன் தம்பி. இன்னும் கொஞ்ச நேரத்துல அவ ஓடப்போறா" என்றார்.

"இல்ல சார், லைட் போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

நடத்திக் காட்டும் வட்டத்தின் வேலியோரம் ஜெபா டிபன் பாக்ஸைத் திறந்தாள். குதிரையைப் பிடித்து வந்தவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். "ஓடறதுக்கு முன்னாடி குடுக்கக் கூடாதும்மா. முடிஞ்சதும் வாங்க, கேட்டுச் சொல்றேன்."

முடிந்ததும் கொடுக்கலாம் என்று மூடி வைத்தாள்.

ரேஸ் ஆரம்பித்தது. ஸ்மால் மெர்சி வழக்கம்போலக் கடைசியில். எட்வின் குரலில் நம்பிக்கை வழிந்தது. வளைவு திரும்பியதும் வழக்கம்போல அவள் வெளிப்பக்கம் ஒதுங்கினாள். ஒருவரைத் தாண்டினாள். இன்னொருவரைத் தாண்டினாள்.

"வர்றா..."

அதோடு குரல் நின்றது.

ஜாக்கி எழுந்து நின்று கடிவாளத்தை இழுத்துக்கொண்டிருந்தார். ஸ்மால் மெர்சி நாலைந்து அடி தாறுமாறாக எடுத்துவைத்து, நின்றாள். முன்னங்கால் ஒன்று தரையில் படாமல் மடங்கித் தொங்கியது. மற்ற குதிரைகள் எங்களைத் தாண்டிப் போய் எல்லையைத் தொட்டன. யாரோ ஜெயித்தார்கள். எட்வின் ஜெயித்த குதிரையின் பெயரை இங்கிலீஷில் மட்டும் சொன்னார். மைக் அணைகிற சத்தம் கேட்டது.

எங்களுக்குப் பின்னால் ஒருவர் கையிலிருந்த சீட்டைக் கிழித்தெறிந்து, குதிரையின் அம்மாவரைக்கும் போய்த் திட்டினார்.

ஜெபா எழுந்து திரும்பினாள். வகுப்பறையில் பேசுகிற குரல். "அவ கால் வலிச்சு நிக்கறா. அவளைப் போய்த் திட்டறீங்களே. மனுஷங்கதானே நீங்க?"

டிவிகளிலிருந்து தலைகள் திரும்பின. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அத்தனை பேரும் மைதானத்தைப் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். அந்த மனிதர் அசந்துபோய், "சாரிம்மா... ஒரு கோவத்துல..." என்றார்.

குதிரை ஆம்புலன்ஸ் வந்தது. பதமாக ஏற்றினார்கள். கதவை மூடுகிறவரை அவள் காது எங்கள் பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தது.

டிரெயினில் ஜெபா மடியில் டிபன் பாக்ஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பழவந்தாங்கல் தாண்டும்போது, "அவ செத்துடுவாளா அக்கா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் சொன்னேன்.

சாகவில்லை. தசைநார் அறுந்திருந்தது. டாக்டர்கள் பிழைக்க வைத்துவிட்டார்கள். ஆனால் இனி ஓட முடியாது. கொஞ்ச நாளில் வடக்கே ஒரு குதிரைப் பண்ணைக்கு அனுப்பிவிட்டார்கள். பேப்பரில் கடைசிப் பக்கத்து மூலையில்கூட அது வரவில்லை.

எட்வின் அந்த சீசனோடு மைக்கை விட்டுவிட்டார். யாரும் போகச் சொல்லவில்லை. அவராகத்தான். நான் காரணம் கேட்டேன்.

"நான் 'வர்றா'ன்னு சொன்ன அந்த செகண்டுலதான் அக்கா கால் போச்சு. நான் கூப்பிட்டேன், வந்தா."

அப்படியெல்லாம் இல்லை, உங்கள் குரல் அவளுக்குக் கேட்டிருக்கவே கேட்டிருக்காது என்று எவ்வளவோ சொன்னேன். தலையாட்டினார். ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

இப்போது அந்த மைதானத்தை அரசு திரும்ப எடுத்துக்கொண்டதில், அதன் கதையே கோர்ட்டிலும் பேப்பரிலும் இருக்கிறது. அங்கே இனி குதிரை ஓடுமா, ஏரி இருக்குமா, பூங்கா வருமா என்பதெல்லாம் பெரியவர்கள் சமாச்சாரம். எனக்கு வேறொரு கேள்வி. ஒரு சாம்பியன் குதிரை வந்தால் பந்தயத்துக்கு மறுபடி ஜனம் வருமா?

எட்வின் அன்றைக்கு இதைக் கேட்டபோது, குதிரை பேட்டி கொடுக்குமா என்று கேலி செய்தேன். இப்போது ஓரளவு பதில் இருக்கிறது. வரும். ஒருநாள் வரும். வேன் வைத்தால் வரும். கத்தும், குதிக்கும், போனில் எடுக்கும். அப்புறம் வீட்டுக்குப் போய்விடும். ஒரு சாம்பியனால் ஒரு மத்தியானத்தை நிரப்ப முடியும். வாரா வாரம் நிரப்புவதற்குச் சாம்பியன் போதாது. அதற்குப் பழக்கம் வேண்டும். மகளைத் தோளில் வைத்துக்கொண்டு அப்பா வரவேண்டும். சொல்லிக்கொள்ள வெட்கமில்லாத இடமாக அது இருக்க வேண்டும். செஸ் கிளாஸில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு வாசலில் பெருமையாக நிற்கிறோம். ரேஸ் கோர்ஸ் வாசலில் யார் நம்மைப் பார்த்துவிடுவார்களோ என்று நிற்கிறோம். பாவம், அந்தச் சின்னக் குதிரை இதையெல்லாம் எப்படித் தாண்டும்? எட்டுக் குதிரைகளைத் தாண்டத்தான் அதற்குத் தெரியும்.

அப்படியானால் ஒருவரையுமா அவள் இழுக்கவில்லை? இழுத்தாள். யாரும் கூப்பிடாமல், குதிரைக்காகவே வந்த ஒரே ஒருத்தி ஜெபா. அந்த ஒருத்திக்கும் அங்கே பார்க்கக் கிடைத்தது, குதிரை கால் மடங்கி நின்றதுதான்.

சில நாள் முன்னால் இரும்புலியூரில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். சாயங்காலம். ஜெபா டீ போட்டுக்கொண்டிருந்தாள். எட்வின் போனில் ஒரு படம் வந்திருந்தது. பண்ணையில் வேலை பார்க்கிற பழைய நண்பர் ஒருவர் அனுப்பியிருக்கிறார். ஸ்மால் மெர்சி குட்டி போட்டிருக்கிறாள். பெண் குட்டி. அம்மாவின் அதே பழுப்பு.

எட்வின் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, கால்களை மட்டும் உற்றுப் பார்த்தார். ரொம்ப நாளைக்கப்புறம் அந்த முகத்தில் பழைய வெளிச்சம்.

"கால் எப்படி நீளமா இருக்கு பாருங்க அக்கா. நல்லா ஓடுவா."

ஜெபா டீயை வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள்.

"ஓடித்தான் ஆகணும்னு என்ன கட்டாயம்? நிக்கட்டுமே."

அப்புறம் டீ ஆறுகிறவரை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம், ஒரு குதிரை சும்மா நிற்பதை.